மூச்சு ஒழுகும் என்ஜின்: சித்தூர், திருப்பதிப் பகுதியின் பழைய டூ ஸ்ட்ரோக் வண்டிகளில் பழுதறியும் முறை

தென்னிந்தியாவில் டூ ஸ்ட்ரோக் வண்டிகள் உருவான ஊர்களை ஒரு வரைபடத்தில் குறித்துப் பார்த்தால், அவற்றை இணைக்கும் சாலைகளின் நடுவே சித்தூர் அமைந்திருப்பது புலப்படும். மேற்கே மைசூரில் ஐடியல் ஜாவா நிறுவனம் 1961 முதல் 1996 வரை ஜாவாவையும் அதன் வழிவந்த யெஸ்டியையும் தயாரித்தது. தென்மேற்கே ஓசூரிலிருந்து 1980இல் டி.வி.எஸ். 50 மொபெட்டும் 1984இல் சுசூகியின் கூட்டுடன் 100 சி.சி. வண்டியும் வெளிவந்தன, தென்கிழக்கே அண்மையிலுள்ள ராணிப்பேட்டையில் என்ஃபீல்டு நிறுவனம் ஜெர்மனியின் சுண்டாப் உரிமத்தைப் பெற்றுச் சிறிய டூ ஸ்ட்ரோக் வண்டிகளைச் செய்தது. வடக்கேயிருந்து எஸ்கார்ட்ஸ் நிறுவனத்தின் ராஜ்தூத்தும், அந்நிறுவனமே யமஹாவுடன் இணைந்து 1985இல் அறிமுகப்படுத்திய ஆர்.எக்ஸ். 100ம் வந்து சேர்ந்தன. 1911 வரை வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைமையிடமாக இருந்த சித்தூரின் பட்டறைகளில் தமிழும் தெலுங்கும் கலந்தே ஒலிக்கின்றன. அப்பட்டறைகளில் புழங்கும் சொற்களே இவ்வுரையிலும் பெரிதும் கையாளப்படுகின்றன.

இவ்வண்டிகளில் பெரும்பாலானவற்றின் உற்பத்தி நின்று முப்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. இன்றும் ஓடிக்கொண்டிருப்பவை, அவற்றின் மீது பற்றுக் கொண்டவர்களின் கவனிப்பால் மட்டுமே ஓடுகின்றன. ஆனால் அந்தக் கவனிப்பே பல வேளைகளில் வண்டியைக் கெடுத்துவிடுகிறது. இழுவை குறைந்தவுடன் கார்புரேட்டரைத் திருகுவதும், அதில் குணம் தெரியாதபோது ஜெட்டை மாற்றுவதும், அதற்கும் மசியாதபோது பிளாக் எனப்படும் சிலிண்டரைக் கழற்றி லேத்துக்கு அனுப்பிப் போர் போடுவதும், அதாவது அதன் உட்சுவரைக் கடைந்து அகலமாக்குவதும், எங்கும் பரவிவிட்ட வழக்கமாகும். நாள்பட்ட டூ ஸ்ட்ரோக் என்ஜினில் கார்புரேட்டரின் மீது சுமத்தப்படும் குற்றங்களில் பெரும்பகுதி கிராங்க் கேஸின் காற்றுக் கசிவைச் சார்ந்தது என்பதும், அக்கசிவைச் சோதிக்காமல் செய்யப்படும் எந்தப் பழுதுபார்ப்பும் நிலைக்காது என்பதும் இவ்வுரை நிறுவ முயலும் கருத்துகளாகும்.

இதனை விளங்கிக்கொள்ள என்ஜின் வேலை செய்யும் விதத்தை ஓரளவு அறிய வேண்டும். டூ ஸ்ட்ரோக் என்பது இருவீச்சு. பிஸ்டன் ஒருமுறை மேலேறி ஒருமுறை கீழிறங்குவதற்குள், அதாவது கிராங்க் ஒரே ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள், உறிஞ்சல், அழுத்தல், வெடிப்பு, புகைபோக்கல் ஆகிய நான்கும் முடிந்துவிடுகின்றன. புல்லட் போன்ற ஃபோர் ஸ்ட்ரோக் என்ஜினுக்கு இதே வேலைக்கு இரண்டு சுற்றுகளும், திறந்து மூடும் வால்வுகளும் தேவை. இங்கிலாந்தின் பாத் நகரில் ஜோசப் டே என்பவர் 1890ஐ ஒட்டிய ஆண்டுகளில் வடிவமைத்த முறையில் அந்த வால்வுகளின் வேலையைப் பிஸ்டனும், பிஸ்டனுக்கு அடியிலுள்ள மூடிய அறையும் ஏற்றுக்கொண்டன. கிராங்க் சுழலும் அந்த அறையே கிராங்க் கேஸ். பிஸ்டன் மேலேறும்போது அறையில் காற்றழுத்தம் குறைவதால் பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை உள்ளே இழுக்கப்படுகிறது. பிஸ்டன் கீழிறங்கும்போது அதே கலவை நெருக்கப்பட்டு, பிளாக்கின் சுவரில் உள்ள டிரான்ஸ்ஃபர் போர்ட் எனப்படும் பக்கவழிகளின் ஊடாக மேலே தள்ளப்படுகிறது. ஆகவே கிராங்க் கேஸ் ஒரு கொல்லன் துருத்தியைப் போல வேலை செய்கிறது. அதில் எழும் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைவிடச் சிறிதளவே கூடுதல் என்பதால், மயிரிழை அளவுள்ள ஓட்டையும் அதன் மூச்சைக் குலைத்துவிடும்.

பழுதறிதல் எப்போதும் எளியதிலிருந்து தொடங்க வேண்டும். முதலில் பெட்ரோல் குழாயைக் கார்புரேட்டரிலிருந்து கழற்றி, டேப்பைத் திறந்து, ஓர் அளவுக் குவளையில் ஒரு நிமிடம் பிடித்துப் பார்க்க வேண்டும். சமதரையில் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் லிட்டருக்கு 40 கி.மீ. தரும் வண்டி நிமிடத்துக்கு 25 மில்லிதான் குடிக்கிறது. இருவரை ஏற்றிக்கொண்டு மலையேறும்போது அதைப்போல் பன்மடங்கு கேட்கும். துரு அடைத்த டேப் கொண்ட வண்டி ஊருக்குள் குறையின்றி ஓடி, ஏற்றத்தில் மட்டும் திணறுவதற்கு இதுவே காரணம். அடுத்ததாக, பிளக்கைக் கழற்றி அதன் முனையின் நிறத்தைப் பார்க்க வேண்டும். காப்பிக்கொட்டை நிறம் நல்ல எரிதலையும், எண்ணெய் படிந்த கறுப்பு மிகுந்த பெட்ரோலையோ மிகுந்த ஆயிலையோ வலுவற்ற பொறியையோ, வெளிறிய வெண்மை பெட்ரோல் போதாமையையோ அதிக வெப்பத்தையோ காட்டும். ஐடிலிங்கில் நெடுநேரம் நின்ற வண்டியின் பிளக் எப்போதும் கறுத்தே இருக்கும் என்பதால், ஓட்டத்தின் நடுவே திராட்டில் முழுதும் திறந்திருக்கும்போதே கிளட்சைப் பிடித்து என்ஜினை நிறுத்தி, உடனே கழற்றிப் பார்க்கும் பிளக்கே உண்மை சொல்லும். பிளக் முனைகளின் இடைவெளி 0.6 முதல் 0.7 மி.மீ. வரை இருத்தல் பொது விதி. ஜாவா, யெஸ்டி போன்ற பாயிண்ட் வைத்த வண்டிகளில் பாயிண்ட் இடைவெளி 0.4 மி.மீ. அளவில் இருக்கிறதா என்பதும், கண்டென்சர் பழுதானால் எழும் நீலப் பொறி பாயிண்டில் தெறிக்கிறதா என்பதும் பார்க்கப்பட வேண்டும். இவ்விரு வண்டிகளின் பொறியும் பேட்டரியை நம்பியிருப்பதால், வலுவிழந்த பேட்டரியே பல நேரங்களில் குற்றவாளியாகிறது.

ஒரே அறிகுறியுடன் வரும் இரு வேறு பழுதுகள் இங்கே தனியே கவனிக்கத் தக்கவை. குளிர்ந்த நிலையில் ஒரே உதையில் கிளம்பும் வண்டி, பத்து கி.மீ. ஓடியபின் அணைந்து, அரைமணி நேரம் நிழலில் நின்றதும் மறுபடி கிளம்புகிறது என்றால், பொறிக்கு மின்சாரம் தரும் மேக்னெட்டுக்குள் இருக்கும் காயில் சூடேறிப் பழுதாகியிருக்கலாம். அல்லது பெட்ரோல் டேங்க் மூடியிலுள்ள காற்றுத்துளை அடைபட்டு, டேங்கில் வெற்றிடம் உண்டாகிப் பெட்ரோல் இறங்காமல் நின்றிருக்கலாம். முன்னது பல நூறு ரூபாய்ச் செலவு. பின்னது ஓர் ஊசியால் தீர்வது. வண்டி அணைந்த அந்தக் கணத்திலேயே டேங்க் மூடியைத் திறக்கும்போது உஸ்ஸென்று காற்று உள்ளே இழுக்கப்படும் ஓசை கேட்டால் துளை அடைப்பு என்பது உறுதி. ஓசை இல்லையெனில், என்ஜின் ஆறுவதற்குள் பிளக்கைப் பிளாக்கில் வைத்து உதைத்துப் பொறி வருகிறதா என்று பார்க்க வேண்டும். ஆறியபின் பார்க்கும் பொறி எந்தச் செய்தியையும் தராது.

திருப்பதியிலிருந்து திருமலைக்கு ஏறும் சாலை, இப்பகுதியின் பழைய வண்டிகளுக்கு எந்தப் பட்டறையும் தர இயலாத சோதனையைத் தருகிறது. முதல் மலைச்சாலை 1944இலும் இரண்டாம் சாலை 1974இலும் திறக்கப்பட்டன. இன்று இரண்டாம் சாலை ஏறுவதற்கும், ஏறத்தாழ 19 கி.மீ. நீளமுள்ள முதல் சாலை இறங்குவதற்கும் பயன்படுகின்றன. மலையடிவாரத்து அலிபிரியைக் கடந்த வண்டி ஏறத்தாழ 700 மீட்டர் உயரம் ஏறியாக வேண்டும். இவ்வேற்றத்தில் திணறும் வண்டியைப் பற்றி, உயரத்தில் காற்று மெலிவதால்தான் என்ஜின் இழுக்கவில்லை என்ற விளக்கம் பரவலாகச் சொல்லப்படுகிறது. அந்த விளக்கத்தைக் கணக்கிட்டுப் பார்ப்பது பயன் தரும். 700 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏழு சதவீதம் அளவில் குறைகிறது. சித்திரை வெயிலில் வெப்பம் பத்து டிகிரி கூடினால் மேலும் மூன்று சதவீதம் குறைகிறது. காற்று குறைந்தும் பெட்ரோல் ஜெட் அதே அளவில் இருப்பதால், கலவையில் பெட்ரோலின் பங்கு கூடுமே ஒழியக் குறையாது; என்ஜினின் வலு சற்றுத் தணியும், பிளக் சற்றுக் கறுக்கும். எனவே திருமலைக்கு ஏறிய வண்டியின் பிளக் வெளுத்திருந்தால், அதற்கு உயரம் காரணமாகாது. பெட்ரோல் போதிய அளவு இறங்கவில்லை அல்லது கார்புரேட்டரைக் கடந்தபின் எங்கோ வெளிக்காற்று உள்ளே புகுகிறது என்ற இரண்டில் ஒன்றே பெரும்பாலும் காரணமாக இருக்கும். பெட்ரோல் ஓட்டத்தைக் குவளையில் முன்பே அளந்தவருக்கு, எஞ்சுவது பெரும்பாலும் காற்றுக் கசிவே. சித்தூரிலிருந்து பலமநேருக்குச் செல்லும் மொகிலி மலைப்பாதையில் திணறும் வண்டிக்கும் இதே தருக்கம் பொருந்தும்.

காற்றுக் கசிவுக்கு இடம் தரும் பகுதிகளுள் தலையாயவை கிராங்கின் இரு முனைகளிலும் உள்ள ஆயில் சீல்கள். சுழலும் கிராங்கைத் தழுவிக்கொண்டு, மெல்லிய சுருள் வளையம் இறுக்கிப் பிடிக்கும் ரப்பர் உதடு கொண்ட வளையமே ஆயில் சீல். ஓடாமல் நிறுத்திவைத்த வண்டியில் ரப்பர் காய்ந்து விறைப்பதால், பல ஆண்டுகள் மூலையில் கிடந்து மீட்கப்பட்ட வண்டியில் சீல் கெட்டிருக்கும் என்றே தொடக்கத்தில் கொள்ள வேண்டும். கிளட்ச் பக்கத்துச் சீல் கெட்டால், கிராங்க் கேஸின் உறிஞ்சலில் கியர் ஆயில் உள்ளே இழுக்கப்பட்டு எரியும். சூடேறிய பின்னும் தீராத வெண்புகையும், காரணம் தெரியாமல் குறையும் கியர் ஆயிலும், நனைந்த பிளக்கும் அதைக் காட்டிக்கொடுக்கும். மேக்னெட் பக்கத்துச் சீல் கெட்டால் புகை ஏதும் வராது. அப்பக்கம் வெளிக்காற்று மட்டுமே இருப்பதால், அக்காற்று கலவையில் சேர்ந்து பெட்ரோலின் பங்கைக் குறைத்துவிடும். சூடேறியதும் ஐடிலிங் தானாக உயர்வதும், திராட்டிலை விட்டபின்னும் என்ஜின் வேகம் உடனே தணியாமல் தொங்கி நிற்பதும் அதன் அறிகுறிகள். புகைவிடும் சீலைவிடப் புகைவிடாத சீலே ஆபத்தானது. பிஸ்டனை எரித்துத் துளையிடுவது பெரும்பாலும் அதுவே. கார்புரேட்டரின் ஏர் ஸ்க்ரூவை எவ்வளவு திருகினாலும் இக்கோளாறு சீராகாது, ஏனெனில் கார்புரேட்டர் அளந்து கொடுத்த பின்னரே கசிவுக் காற்று சேருகிறது.

இதைச் சோதிக்கும் முறை கடினமானதன்று. சைலன்சரைக் கழற்றிப் புகைபோகும் வாயை ரப்பர் தகடு வைத்து அடைக்க வேண்டும். ஜாவா 250இல் ஒரே பிளாக்கில் இரண்டு சைலன்சர் வாய்கள் இருப்பதால் இரண்டையும் அடைக்க வேண்டும். கார்புரேட்டர் இருந்த வாயையும் அவ்வாறே அடைத்து, பிஸ்டனை முழுதும் கீழே இறக்கிவைத்தால், டிரான்ஸ்ஃபர் போர்ட்டுகள் திறந்து, கிராங்க் கேஸும் பிஸ்டனுக்கு மேலுள்ள இடமும் ஒரே அறையாகும். பழைய பிளக் ஒன்றின் பீங்கானை நீக்கி, அதில் ஒரு குழாய் பொருத்தி, பிளக் இருந்த இடத்தில் முடுக்கி, மருத்துவர் இரத்த அழுத்தம் பார்க்கப் பயன்படுத்தும் முள் வட்டக் கருவியையும் அதன் ரப்பர்ப் பந்தையும் அதனுடன் இணைத்தால் சோதனைக் கருவி ஆயத்தம். அக்கருவியின் முள் 300 மி.மீ. பாதரச அளவில் நிற்கும்போது உள்ளே இருப்பது சதுர அங்குலத்துக்கு 6 பவுண்டுக்குச் சற்றுக் குறைந்த அழுத்தம். சீல்களைச் சோதிக்க அதுவே போதும், அதற்கு மேல் ஏற்றினால் நல்ல சீலும் பிதுங்கிவிடும். முள் ஆறு நிமிட நேரம் பெரிதும் இறங்காமல் நின்றால் என்ஜின் மூச்சு ஒழுகவில்லை. இறங்கினால், சோப்பு நீரைச் சிலிண்டரின் அடிப் பேக்கிங், ஹெட் பேக்கிங், கார்புரேட்டர் பொருந்தும் ரப்பர், கேஸின் இரு பாதிகளும் சேரும் விளிம்பு, மேக்னெட்டைக் கழற்றியபின் தெரியும் சீல் ஆகியவற்றில் தடவ வேண்டும். கசியும் இடத்தில் குமிழி எழும். கிளட்ச் பக்கச் சீலைப் பார்க்க, கியர் ஆயிலை வடித்துவிட்டுக் கியர் அறையின் மூச்சுக்குழாய் முனையில் சோப்பு நீரை வைத்தால் போதும். உறிஞ்சலுக்கு மட்டும் வழிவிடும் சீல்களும் உண்டு என்பதால், பந்தின் வால்வைத் திருப்பி வைத்து உள்ளிருந்து காற்றை உறிஞ்சும் சோதனையையும் செய்து முடிப்பது நன்று.

சோதனைக்கு முன்பே ஜாமாகிவிட்ட என்ஜினில், கழற்றிய பிஸ்டனே காரணத்தைச் சொல்லும். சூடேறி விரிந்த பிஸ்டன் பிளாக்கில் இறுகிப் பிடித்துக்கொள்வதையே ஜாம் என்கின்றனர். கீறல்கள் புகைபோகும் வாய்ப் பக்கம் மட்டும் இருந்தால் கலவையில் பெட்ரோல் போதவில்லை. உறிஞ்சும் வாய்ப் பக்கம் மட்டும் இருந்தால் ஆயில் சென்று சேரவில்லை. சுற்றிலும் நான்கு இடங்களில் சம இடைவெளியில் இருந்தால், என்ஜின் சூடேறுவதற்கு முன்பே முழு வேகத்தில் விரட்டப்பட்டிருக்கிறது அல்லது போர் மிக இறுக்கமாகப் போடப்பட்டிருக்கிறது. பிஸ்டன் தலையில் மணல் அரித்தது போன்ற குழிகளோ துளையோ இருந்தால், பொறியின் டைமிங் முந்தியிருப்பதையும் கசிவுக் காற்றையும் ஒருசேர ஐயுற வேண்டும். ரிங் உட்காரும் பள்ளத்தில் ஒரு சிறு ஆணி இருப்பதையும், ரிங்கின் வாய் அந்த ஆணியைக் கவ்வியே பொருத்தப்பட வேண்டும் என்பதையும் அறியாமல் மாட்டினால், ரிங் சுழன்று போர்ட்டில் சிக்கி முறிந்து, புதிய போரையும் கீறிவிடும். இவ்வாறு காரணம் சொல்லும் பிஸ்டனைக் குப்பையில் எறிந்துவிட்டுப் புதியதைப் பொருத்துவோர், நோயாளியின் வாக்குமூலத்தைக் கேட்க மறுப்பவராகின்றனர்.

ஆயிலைப் பற்றிய தவறான நம்பிக்கை ஒன்றும் இங்கே திருத்தப்பட வேண்டும். ஜாவா போன்ற வண்டிகளில் ஆயிலைப் பெட்ரோலிலேயே கலந்து ஊற்ற வேண்டும், ஆர்.எக்ஸ். 100இல் தனி ஆயில் பம்ப் அதைச் செய்கிறது. லிட்டருக்கு 40 மில்லி என்பது 25க்கு 1 என்ற பழைய கணக்கு. பாதுகாப்புக்கு என்று சிலர் அதனினும் கூடுதலாக ஊற்றுவதுண்டு. ஜெட்டின் துளை ஒரே அளவாக இருக்கையில், அதன் வழியே செல்லும் நீர்மத்தில் ஆயிலின் பங்கு கூடினால் பெட்ரோலின் பங்கு குறைகிறது. கூடுதல் ஆயில் கலவையை மெலிவாக்கி, தடுக்க நினைத்த சூட்டையே வரவழைக்கக் கூடும். இன்று பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலும் மாறிவிட்டது. 2000ஆம் ஆண்டில் ஈயம் நீக்கப்பட்டபோது, வால்வே இல்லாத டூ ஸ்ட்ரோக் வண்டிகளுக்குப் பெரிய இழப்பு ஏதும் நேரவில்லை. ஆனால் 2023 முதல் பரவிய 20 சதவீத எத்தனால் கலப்பு, எடையில் 14.7 பங்கு காற்று கேட்ட எரிபொருளை ஏறத்தாழ 13.5 பங்கு கேட்பதாக மாற்றிவிட்டது. பழைய ஜெட்டில் ஓடும் வண்டி, வேறெந்தக் குறையும் இன்றியே எட்டு சதவீதம் பெட்ரோல் போதாத நிலையில் ஓடுகிறது. ஒன்றிரண்டு படி பெரிய மெயின் ஜெட் இதற்குத் தீர்வு. அதைச் சீல் சோதனைக்குப் பின்னரே போட வேண்டும். எத்தனால் காற்றின் ஈரத்தை இழுத்து, நாள்பட நின்ற டேங்கின் அடியில் நீராகப் பிரிந்து தங்குவதால், மாதக்கணக்கில் நிறுத்தவிருக்கும் வண்டியின் டேங்கையும் கார்புரேட்டர்க் கிண்ணத்தையும் வடித்துவிடுவது அவசியம்.

ஏற்றத்தைவிட இறக்கமே இவ்வண்டிகளைக் கொல்கிறது என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். திருமலையிலிருந்து இறங்கும் வண்டி கியரில் இருக்க வேண்டும், ஏனெனில் பிரேக்கை மட்டும் நம்பி அந்த வளைவுகளில் இறங்குவது உயிருக்கே ஆபத்து. ஆனால் கியரில் இறங்கும்போது திராட்டில் மூடியிருக்க, என்ஜின் மட்டும் வேகமாகச் சுழல்கிறது. பெட்ரோலோடு வர வேண்டிய ஆயில், பெட்ரோல் அற்பமாகவே வருவதால் அற்பமாகவே வருகிறது. ஆயில் பம்ப் வைத்த வண்டியிலும் அந்தப் பம்ப் திராட்டில் கேபிளோடு இணைந்திருப்பதால், மூடிய திராட்டிலுக்குக் குறைந்த அளவே ஆயில் தரும். ஆகையால் இறக்கத்தில் அடிக்கடி திராட்டிலைச் சிறிது திறந்து மூடுவது, பிஸ்டனுக்கு ஆயில் ஊட்டும் ஒரே வழி.

சைலன்சரைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 1950களில் கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். நிறுவனத்தில் வால்டர் காடன் செய்த ஆய்வுகள், டூ ஸ்ட்ரோக்கின் சைலன்சர் வெறும் புகைக்குழாய் அன்று என்பதையும், அதன் வடிவத்தில் எழும் அழுத்த அலைகளே வெளியேறத் துடிக்கும் புதிய கலவையை மீண்டும் உள்ளே தள்ளுகின்றன என்பதையும் உலகுக்குக் காட்டின. ஆகவே கரியடைத்த சைலன்சர் வலுவை வெகுவாகக் குறைக்கும். அதன் உட்குழலைக் கழற்றிக் கரியை எரித்தோ காஸ்டிக் சோடாக் கரைசலில் ஊறவைத்தோ நீக்கலாம். பிளாக்கின் புகைவாயில் கரியைச் சுரண்டும்போது பிஸ்டன் மேலே நின்று வாயை மறைத்திருக்க வேண்டும். இல்லையேல் கரித்துகள் உள்ளே விழும். ஓசைக்காகச் சைலன்சரின் உட்குழலையே எடுத்தெறிவது, என்ஜினையும் ஊராரையும் ஒருங்கே வருத்தும் செயல்.

ஆர்.எக்ஸ். 100இன் பிஸ்டன் விட்டம் 50 மி.மீ.; ஓவர்சைஸ் பிஸ்டன்கள் 0.25, 0.50, 0.75, 1.00 மி.மீ. என்ற நான்கு படிகளில் மட்டுமே வருகின்றன. ஒரு பிளாக்குக்கு வாழ்நாளில் நான்கு முறைதான் போர் போடலாம். அதன்பின் ஸ்லீவ் எனும் புதிய உட்குழலை இறக்கினால், போர்ட்டுகளின் வடிவத்தைக் கையால் வெட்டிச் சீராக்கத் தெரிந்தவர் வேண்டும். அத்தகையோர் அருகிவருகின்றனர். கசியும் சீலை அப்படியே விட்டுப் போடப்படும் ஒவ்வொரு போரும் அந்த நான்கில் ஒன்றை வீணடிக்கிறது. ஆதலால் சித்தூரிலோ திருப்பதியிலோ வேறெங்கோ பழைய டூ ஸ்ட்ரோக் வண்டி வைத்திருப்போர், பிளாக்கை லேத்துக்குக் கொடுக்குமுன் அழுத்தச் சோதனை செய்யுமாறு மெக்கானிக்கைக் கேட்க வேண்டும். முள் ஆறு நிமிடம் பெரிதும் இறங்காமல் நிற்பதைக் கண்ணால் கண்ட பிறகே போர் போட ஒப்புக்கொள்ள வேண்டும்.